கப்பலுக்குள் எலி

இங்க யாரும் வரலேல்ல? அப்ப உக்காந்துக்கிறேன் தம்பி. சன்னலோரம் நீங்களே இருங்க, எனக்கு எந்த ஓரமா இருந்தா என்ன. ரயில்வேல டிக்கெட் பரிசோதகரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான், ஆவுடையப்பன்னு பேரு. கையில பாஸ் இருக்கு. பாஸ் இருக்கிறவன் பஸ்ல போறேன் பாருங்க. மத்தியானத்துக்குள்ள பாளையங்கோட்டைல இருக்கணுமாம், ரயில் அதுக்குத் தோதுப்படாதாம். யாரு சொன்னான்னா, அதோ டிரைவருக்குப் பின்னால பச்சைச் சேலை கட்டியிருக்காளே, கோமதி, என் வீட்டுக்காரி, அவ சொன்னா. பக்கத்துல இருக்கிறது என் மக சுபாஷினி. அது மூணு பேர் உக்காருற சீட்டுதான். மூணாவது இடத்துல பையை வச்சிருக்காங்க. என்னைப் பின்னால போய் உக்காரச் சொல்லிட்டாங்க.

போன்ல என்ன, லூடோவா? ஆடுங்க, ஆடுங்க, நான் குத்தம் சொல்லல. லூடோல சிவப்புக் காய் சிவப்புக்காரனோடது, பச்சை பச்சைக்காரனோடது. யாரு நம்மள வெட்ட வர்றாங்கிறது கண்ணுக்குத் தெரியும். அது விளையாட்டு. எங்க வீட்டுக்கு இந்த ஐப்பசில ஒண்ணு வந்து சேந்துது, அதுக்குப் பேரு விளையாட்டு இல்ல தம்பி. அது வந்ததுல இருந்து என் வீடு என் வீடாவே இல்ல.

மாப்பிள்ளைதான் வாங்கிட்டு வந்தாரு. பிரசன்னா. கம்ப்யூட்டர் வேலை, வீட்டுல இருந்தே பாக்கிறாரு. தங்கமான பையன், அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. வைகாசில இருந்து மகளும் அவரும் எங்க வீட்டோடயே வந்துட்டாங்க. நல்ல வாடகை வீட்டை எதுக்கு விட்டீங்கன்னு கேட்டேன். விளாங்குடில காத்து நல்லா வருது மாமான்னாரு. எங்க தெருவுல காத்து வந்து நான் பாத்ததில்ல. ஆனா மக கூட இருக்கிறது யாருக்குக் கசக்கும்? சரின்னு விட்டுட்டேன்.

பெட்டியத் திறந்தா பெரிய அட்டை, அதுல கப்பல் படம். அங்கங்க அறை, சமையக்கட்டு, எஞ்சின் ரூம். நடுக்கடல்ல புயல்ல மாட்டியிருக்கு. நாங்க அஞ்சு பேர். நான், கோமதி, மக, மாப்பிள்ளை, அப்புறம் கோமதியோட தம்பி நெல்லையப்பன், பக்கத்துத் தெருவுலதான் இருக்கான். அஞ்சு பேரும் மாலுமி. எல்லாரும் சேந்து கப்பலைக் கரை சேக்கணும். கரை சேந்தா எல்லாருக்கும் ஜெயம், கவுந்தா எல்லாருக்கும் தோல்வி. எனக்கு அங்கயே பிடிக்கல. அப்ப யாரைத் தோக்கடிக்கிறதுன்னு கேட்டேன். கடலைத்தான் மாமான்னாரு மாப்பிள்ளை. கடலைத் தோக்கடிச்சுட்டேன்னு நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?

அது கூடப் பரவாயில்ல. ஆரம்பத்துல ஆளுக்கு ஒரு சீட்டைக் கவுத்திக் குடுப்பாங்க. நாம மட்டும் பாத்துட்டு மூடி வச்சுக்கணும். நங்கூரப் படம் வந்தா நல்ல மாலுமி. ஒரே ஒரு சீட்டுல எலி இருக்கும். எலி யாருகிட்ட வந்துதோ அவங்க துரோகி. கப்பலைக் கவுக்கிறதுதான் அவங்க வேலை, ஆனா எல்லாரோடயும் சேந்து கரைக்குப் போற மாதிரியே நடிக்கணும். ஒவ்வொரு சுத்துலயும் எங்கயாவது ஓட்டை விழும். அடைக்கிறதுக்கு ஆளுக்கு ஒரு பலகைச் சீட்டு, அதையும் கவுத்திப் போடணும். கலைச்சுப் போட்டுத் திருப்பிப் பாப்பாங்க. நாலு நல்ல பலகை நடுவுல ஒரு உளுத்த பலகை கிடக்கும். தண்ணி உள்ள வந்துரும். யாரு போட்டாங்கன்னு சண்டை. சண்டை முத்தினா ஓட்டுப் போட்டு ஒருத்தரக் கடல்ல தள்ளலாம். தள்ளுன ஆளு எலின்னா தப்பிச்சோம். நங்கூரம்னா தொலைஞ்சோம்.

நான் முதல் நாளே வழி சொன்னேன். எல்லாரும் கையில இருக்கிறதைக் காட்டுங்க, யாரு எதைப் போடணும்னு நான் சொல்றேன், ஒரே மூச்சுல கரை சேந்துரலாம்னேன். காட்டக் கூடாதாம். அதோட நாலு பேரும் அவங்கவங்க இஷ்டத்துக்குப் போடுறாங்க. நெல்லையப்பனுக்கு எஞ்சின் ரூமும் தெரியாது, மேல்தளமும் தெரியாது, அவன் கையில கப்பலைக் குடுத்தா வெளங்குமா? நான் அவன் கையைப் பிடிச்சு, இதைப் போடாத, அதைப் போடுன்னேன். மக முகத்தைச் சுழிச்சா. அப்பா, உங்க சீட்டை மட்டும் பாருங்கன்னா. நான் எனக்காகவா சொன்னேன்? கப்பலுக்காகச் சொன்னேன்.

இன்னொண்ணு கேளுங்க. ஆளைப் பாத்து எடை போடுறதுதான் நான் ஆயுசு பூரா பாத்த வேலை. பெட்டிக்குள்ள காலை வைக்கும்போதே தெரிஞ்சுரும், யாருகிட்ட டிக்கெட் இல்லன்னு. சிலபேரு தூங்குற மாதிரி இருப்பான், ஆனா தொண்டை எச்சில் முழுங்கும். சிலபேரு வலிய வந்து வணக்கம் சொல்லுவான். என்னை ஏமாத்திட்டு ஒருத்தன் இறங்கினதா சரித்திரம் கிடையாது. அந்தக் கண்ணை வச்சுக்கிட்டு ஒரு எலியக் கண்டுபிடிக்க முடியாதா?

முதல் ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையத் தள்ளினேன். நங்கூரம். அடுத்த வாரம் நெல்லையப்பன். அவன் நெத்தி வேர்த்துது தம்பி, என் கண்ணால பாத்தேன். நங்கூரம். அவனுக்குச் சர்க்கரை, எப்பவுமே வேர்க்குமாம். அடுத்த வாரம் மக. அவளும் நங்கூரம். அப்பா தன்னை நம்பலன்னு அன்னிக்குப் பூரா அவ என்கூடப் பேசல. வாராவாரம் கப்பல் கவுந்துது. ஒவ்வொரு தடவையும் கடைசில எலிச் சீட்டை யாரு திருப்புவாங்கன்னு நெனைக்கிறீங்க?

கோமதி.

எல்லா வாரமும் இல்ல, ஆனா முக்கால்வாசி அவதான். சீட்டு அப்படி விழுந்துது. அவளுக்கு எலி வந்தா ஒரு பய கண்டுபிடிக்க முடியாது. நான் அவ பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. எப்படிப் பாப்பேன்? பால்காரன் ஒரு பாக்கெட் கூடுதலா வச்சுட்டுப் போயிட்டான்னு அடுத்த தெரு வரைக்கும் ஓடினவ அவ. பொய் சொன்னா நாக்கு குழறும் அவளுக்கு. அப்படித்தான் நான் நெனைச்சுக்கிட்டிருந்தேன். அவ என்னடான்னா கையில உளுத்த பலகைய வச்சுக்கிட்டு, என்னங்க, நீங்க இருந்தும் இப்படித் தண்ணி வருதேன்னு கவலையா கேப்பா. நான் இன்னும் ரெண்டு பேரச் சந்தேகப்படுவேன்.

அந்த விளையாட்டு எங்க வீட்டைக் கெடுத்த கதையும் இருக்கு. ஞாயித்துக்கிழமை சாப்பாடு முடிஞ்சதும் அட்டையை விரிச்சிருவாங்க. கோமதி முதுகுக்குத் தலகாணி வச்சுச் சாஞ்சான்னா அப்புறம் எந்திரிக்கவே மாட்டா. டீ மாப்பிள்ளை போடுவாரு. பாத்திரம் மக தேய்ப்பா. தண்ணிக் குடத்தைத் தூக்கக்கூட நெல்லையப்பன் ஓடுவான். ஒரு நாள் நான் எல்லார் முன்னாலயும் சொன்னேன், இந்த அட்டை வந்து வீட்டுப் பொம்பளைய சோம்பேறி ஆக்கிருச்சுன்னு. மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சுக்கிட்டு சீட்டைக் கலைச்சாரு. கோமதி சிரிச்சுக்கிட்டா.

போன மாசம்தான் அந்த ஞாயித்துக்கிழமை. வெளில அடைமழை. சீட்டு குடுத்தாங்க, நான் லேசாத் தூக்கிப் பாத்தேன். எலி. முத முதலா எனக்கு எலி. இன்னிக்கு இவங்களுக்குப் பாடம் படிச்சுக் குடுக்கிறேன்னு மனசுக்குள்ள ஒரு சந்தோசம். அமைதியா இருக்கணும், யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது, முகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கணும்னு முடிவு பண்ணேன். முதல் பலகை போடுறதுக்குள்ள நாலு பேரும் என்னையே பாக்கிறாங்க. மக கேக்கிறா, என்னப்பா, யாரையும் அதட்டக் காணோம்னு. அவ்வளவுதான். ஓட்டுன்னாங்க. நாலு கையும் என்னைக் காட்டுச்சு. ஒரு சுத்துகூட முடியல, நான் கடலுக்குள்ள கிடக்கேன்.

சிரிச்சாங்க தம்பி. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. கோமதி சிரிக்க முடியாம இடது பக்கத்தைக் கையால அணைச்சுப் பிடிச்சுக்கிட்டா. எனக்குக் கோவம் ஏறிடுச்சு. அட்டையை நான் தூக்கி எறிஞ்சேன்னு இவங்க சொல்றாங்க, அது பொய். லேசாத் தள்ளினேன், அது போய் விழுந்துது. இவ மட்டும் எப்படி இத்தனை வாரம் ஏமாத்தினா, இதுல ஏதோ திருட்டுத்தனம் இருக்கு, சீட்டுல அடையாளம் வச்சிருக்கீங்கன்னு கத்தினேன்.

நெல்லையப்பன் இன்னும் சிரிச்சு முடிக்கல. சிரிப்போட சிரிப்பா சொல்லிட்டான். "அத்தான், அக்கா பாளையங்கோட்டைல ரெண்டு மாசம் படுத்துக் கிடந்துட்டு பெரியக்காவுக்கு மூட்டு ஆபரேசன்னு உங்க காதுலயே பூ சுத்தினவ. இந்தக் கப்பலு அவளுக்கு எம்மாத்திரம்?"

சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிட்டான்.

பங்குனில கோமதி பாளையங்கோட்டைக்குப் போயிருந்தா. அவ அக்காவுக்கு மூட்டு ஆபரேசன், கூடமாட ஒத்தாசைக்கு ஆள் வேணும்னு போனா. ரெண்டு மாசம். நான் கடை மாவுல இட்லி ஊத்தித் தின்னேன். வந்து பாக்கட்டுமான்னு போன்ல கேட்டதுக்கு, வேண்டாம், இங்க படுக்க இடமில்லன்னா. நானும் நம்பிட்டேன். இதுல மதினி இருக்காங்களே, அவ அக்கா, ஆவணில ஒரு கல்யாண வீட்டுல என் முன்னாடி நொண்டி நொண்டி நடந்தாங்க. பாவம்னு சேர் எடுத்துப் போட்டேன். அந்த மூட்டுல ஒரு கீறல் கிடையாது தம்பி. எனக்காக நொண்டியிருக்காங்க.

ஆபரேசன் கோமதிக்கு. இடது மார்ல கட்டி. சாதாரணக் கட்டி இல்ல, புரியுதுல்ல? அதை எடுத்து, அப்புறம் தினம் போய் ஆஸ்பத்திரி மிஷினுக்கு அடியில படுத்துக் கரண்டு வச்சுட்டு வந்திருக்கா. மதினி வீட்டுல படுத்திருந்திருக்கா. மக வாரம் தவறாம போயிட்டு வந்திருக்கா. மாப்பிள்ளை வாடகைக் கார் வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்காரு. நெல்லையப்பன் ரத்தம் குடுக்க ஆள் பிடிச்சு அனுப்பியிருக்கான்.

நான் அந்த நேரம் நாலு முகத்தையும் பாத்தேன். ஒண்ணொண்ணா பாத்தேன். நாலு முகமும் ஒரே மாதிரி இருந்துது. என் சர்வீஸ்ல அப்படி ஒரு பெட்டிய நான் பாத்ததில்ல. பெட்டி முழுக்க டிக்கெட் இல்லாத ஆளுங்க. விளையாட்டுல என்ன ரூலு? நாலு நல்லவன், ஒரு துரோகி. என் வீட்டுல நாலு பேரும் துரோகி, நான் ஒருத்தன் கப்பலை ஓட்டிக்கிட்டிருந்திருக்கேன்.

நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. கட்டின புருசன்கிட்ட மறைக்கிற விசயமா அது? என்கிட்ட சொல்லியிருந்தா நான் சும்மா விட்டிருப்பேனா? அந்த டாக்டர் என்ன படிச்சிருக்கான், எங்க படிச்சான்னு விசாரிச்சிருப்பேன். கத்தி வைக்க விட்டிருக்க மாட்டேன். வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன், அங்க சரியில்லன்னா கேரளாவுக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு கஷாயம் குடுக்கிறாரு, அவர்கிட்ட காட்டியிருப்பேன். எங்க அம்மாவுக்கு வயித்துல இதே மாதிரி வந்தப்ப நான் எப்படி அலைஞ்சேன் தெரியுமா? ஒரு டாக்டர் விடாம சண்டை போட்டேன். ஒரு ஆஸ்பத்திரில சேத்து, அங்க சரியாக் கவனிக்கலன்னு நானே கையெழுத்துப் போட்டு வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தி, அங்கயிருந்து இன்னொண்ணு. ஊர்ல அத்தனை பேர்கிட்டயும் யோசனை கேட்டேன். அம்மாவுக்கு என்ன நோயின்னு அம்மாவுக்கே பாக்க வந்தவங்க சொல்லித்தான் தெரியும். அப்படி ஒரு மகன் யாருக்குக் கிடைப்பான்? கடைசி வரைக்கும் அம்மா பக்கத்துல கோமதிதான் இருந்தா. நான் பக்கத்துல இருக்க முடியல, ஓடிக்கிட்டே இருந்தேன்ல.

இதையெல்லாம் அன்னிக்கும் சொன்னேன். மழை விட்டு, டீ ஆறிப்போய், எல்லாரும் கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. அந்த டாக்டரை இப்பவே போய் நாலு கேள்வி கேக்கிறேன்னு சட்டையை மாட்டினேன். மக அழுதா. கோமதி அழல. சேர்ல சாஞ்சபடியே சொன்னா.

"ரெண்டு பேர்ல ஒருத்தரத்தான் என்னால பாத்துக்க முடியும்னு தோணுச்சுங்க. இந்த ஒரு தடவை என்னையப் பாத்துக்கிட்டேன்."

இதுக்கு என்ன அர்த்தம்? நான் என்ன சின்னப்பிள்ளையா, என்னை இவ பாத்துக்கிறதுக்கு? அவ சோறு போடுறா, துணி எடுத்து வைக்கிறா, மாத்திரை எடுத்துக் குடுக்கிறா, அது எல்லா வீட்டுலயும் உள்ளது. நான் கேட்டேன், உனக்கு ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா அப்பவும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டியான்னு. அவ ஆறிப்போன டீ டம்ளரை ஓரமா நகத்தி வச்சா. உங்களுக்கு எதையும் ஒளிச்சு வைக்கத் தெரியாதுங்க, அதான் உங்ககிட்ட எதையும் குடுத்து வைக்க முடியலன்னு சொன்னா. கோவமா சொல்லல. உப்பு தீந்துபோச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னா.

அப்புறம் நான் யாருகூடயும் பேசல. சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டேன். ஒரு வாரம் போல அட்டையை யாரும் எடுக்கல. அடுத்த ஞாயித்துக்கிழமை நானே எடுத்து விரிச்சேன். வாங்கன்னேன். இப்பதான் எனக்கு விவரம் தெரிஞ்சுபோச்சே, இனி யாரு என்னை ஏமாத்த முடியும்? முதல் சுத்துலயே உளுத்த பலகை விழுந்துது. நான் வேற யாரையும் பாக்கல. இவதான்னேன். கோமதி என்னை நேரா பாத்து, சத்தியமா நான் இல்லங்கன்னா. அதே முகம். இத்தனை வாரம் பொய் சொன்ன அதே முகம். நான் விடல. மத்தவங்க வேண்டாம்னாங்க, நான் ஒவ்வொருத்தரையா பேசிப் பேசி ஓட்டு வாங்கி அவளைக் கடல்ல தள்ளினேன்.

சீட்டைத் திருப்பினா. நங்கூரம்.

சீட்டை அட்டைமேல வச்சுட்டு, நான் கொஞ்சம் படுக்கிறேன்னு எந்திரிச்சுப் போயிட்டா. கப்பல் அடுத்த சுத்துல கவுந்துது. எலி மாப்பிள்ளைகிட்ட இருந்துது.

இப்ப பரிசோதனைக்குத்தான் போறோம். மாசக்கணக்கு வச்சு வரச் சொல்லுவாங்களாம், போய்க் காட்டணுமாம். என்னையும் கூட்டிட்டுப் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். சரின்னா, ஆனா டாக்டர்கிட்ட வாயைத் திறக்கக் கூடாது, வெளில பெஞ்சுல உக்காந்திருக்கணும், ஊர்ல ஒருத்தருக்கும் மூச்சு விடக் கூடாது. சத்தியம் வாங்கிட்டுத்தான் பஸ் ஏத்தினா. காப்பாத்திக்கிட்டுதான் வர்றேன். காலைல டீக்கடை அந்தோணிகிட்ட மட்டும் சொன்னேன், அவரு வெளில விட மாட்டாரு. நீங்க யாரோ நான் யாரோ, கோவில்பட்டில இறங்கிப் போயிருவீங்க, உங்ககிட்ட சொன்னது சொன்ன கணக்குல வராது.

எல்லாம் சுத்தமாயிருச்சு, சும்மா பாத்துட்டு அனுப்பிருவாங்கன்னு சொல்றா. மகளும் அதையே சொல்றா. மாப்பிள்ளையும் அதையே சொல்றாரு. மூணு பேரும் ஒரே வார்த்தையச் சொல்றாங்க, அதான் எனக்கு இடிக்குது. நேத்து அவகிட்ட கேட்டேன், நெசமாத்தான் சொல்றியான்னு. நெசமாத்தாங்கன்னு என்னை நேரா பாத்தா. முன்னெல்லாம் அந்த முகத்தைப் பாத்தா நான் நிம்மதியா படுத்துருவேன். இப்ப பாத்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. அவ சத்தியம்னு சொன்னப்ப நான் நம்பல, அது சத்தியமா இருந்துது. நம்பினப்ப எல்லாம் பொய்யா இருந்துது. ஒரு மனுசன் எதைப் பிடிச்சுக்கிறது? ஊர்ல போறவன் வர்றவன் மூஞ்சியெல்லாம் எனக்குத் தெரியும். இந்த ஒரு மூஞ்சி...

இருங்க, திரும்பறா. தம்பி, மழையப் பத்தி ஏதாவது பேசுங்க. சாத்தூர்ப் பக்கம் நல்ல மழைன்னு சொல்லுங்க. அவளைப் பாக்காதீங்க, என்னையப் பாத்துத் தலையை ஆட்டுங்க, போதும். ஆமா ஆமா, நல்ல மழை, கம்மாயெல்லாம் நெறைஞ்சிருச்சு.

போச்சு. கண்டுபிடிச்சுட்டா. மக காதுல என்னமோ சொல்றா. மக தலையில கையை வச்சுக்கிட்டா. ஆனா கோமதி கோவப்படல பாருங்க. சிரிக்கிறா.

தம்பி, நீங்க வெளியாளு. உங்களுக்கு அவகிட்ட ஒண்ணும் இல்ல, அவளுக்கும் உங்ககிட்ட மறைக்க ஒண்ணும் இல்ல. இப்ப பாக்கலாம், பாருங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அது உடம்பு நல்லாயிருக்கிறவ சிரிக்கிற சிரிப்புதானா?